தேவராஜுக்காகக் கும்மிடிப்பூண்டியில் எழுதிய பக்கங்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வருஷமாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். பேனாவை எடுப்பேன், "முருகா" என்று மேலே எழுதுவேன், அப்படியே மூடி வைத்துவிடுவேன். நான் படித்தது பத்தாவது வரைதான். அடுத்தவர் எழுதியதைத் தட்டச்சு செய்து கொடுத்தே பாதி ஆயுசு போய்விட்டது. சொந்தமாக எழுதியது என்றால் சில கல்யாணப் பத்திரிகைகள்தான். அதோடு இது சாமி சம்பந்தப்பட்டது, இன்னொருத்தருடைய பிழைப்பும் சம்பந்தப்பட்டது. ஒரு வார்த்தை கோணலாகப் போனாலும் யாருக்காவது மனசு நோகும். கடைசியில் என் வீட்டுக்காரி சாந்தாதான், "எழுதறதுன்னா எழுது, இல்லேன்னா வுட்டுத் தொலை. தெனமும் பேப்பரப் பாத்து மூச்சு வுட்டுக்கினு கீற" என்று சத்தம் போட்டாள். எழுதிவிட்டேன்.

எனக்குப் பொதட்டூர்பேட்டையில் சின்ன ஜெராக்ஸ் கடை. தமிழ்த் தட்டச்சும் உண்டு. பார்வை மங்கிப்போன ஒரு ரிட்டயர்டு வாத்தியார் ஒருநாள் கடைக்கு வந்து, கம்ப்யூட்டர் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று இருக்கிறதாம், அதைத் தன் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கச் சொன்னார். ஏற்றிக் கொடுத்தேன். எப்படி ஓட்டுவது என்று பார்த்தால் விளக்கமெல்லாம் இங்கிலீஷில் இருந்தது. அவருக்காக ஒரு பக்கத்தைத் தட்டுத் தடுமாறித் தமிழில் அடித்தேன். அதை அந்த மென்பொருள்காரர்களுக்கே அனுப்பச் சொன்னார் வாத்தியார். அனுப்பினேன். ரொம்ப நன்றி என்று பதில் வந்தது.

அந்த மென்பொருளுக்கு முதலாளி யாரும் இல்லையாம். பல தேசத்து ஆட்கள் சேர்ந்து செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள், திருத்திக்கொள் என்று விட்டிருக்கிறார்கள். எனக்கு இது இன்றைக்கும் முழுசாகப் புரியவில்லை. அன்னதானம் என்றால் புரியும். அதிலும் உபயம் இன்னார் என்று ஒரு தட்டி கட்டுவார்கள். இதில் அந்தத் தட்டியும் இல்லை. நான் முதலில் வந்தவன் என்பதால், பிறகு தமிழில் எழுத வந்த தொண்டர்களுக்கெல்லாம் என்னை வழிகாட்டி என்று பெயர் போட்டுவிட்டார்கள். யாருக்கு எந்தப் பக்கம் என்று பிரித்துக் கொடுப்பேன், எழுதியதைப் படித்து எனக்குப் புரியாததைக் கேட்பேன், சண்டை வந்தால் விலக்கிவிடுவேன். அவ்வளவுதான் என் வழிகாட்டல்.

அந்தத் தொண்டர்களில் ஒருத்தி கோமதி. கும்மிடிப்பூண்டியில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. அவள்தான் ஒரு புரட்டாசியில் போன் செய்தாள்.

"அண்ணே, எங்க பக்கத்து ஊட்ல தேவராஜுன்னு ஒருத்தர். இரும்பு உருக்கற எடத்துல தெறிச்சி ரெண்டு கண்ணும் போய்ட்ச்சு. கம்பெனில இன்னா சொல்றாங்கன்னா, ஸ்டோர்ல சரக்குக் கணக்க கம்ப்யூட்டர்ல நீயே போட்டுக் காட்டு, வேல தரோம்னு. விஜயதசமி அன்னிக்குக் கம்பெனிக்கு வரச் சொல்லிப் பாப்பாங்களாம். முடியலேன்னா ஆள வுட்ருவாங்க. அவருக்கு இங்கிலீஷ் வராது. கம்ப்யூட்டர்ல கட்டம் போட்ட கணக்குத் தாள்ல வேல செய்யற விளக்கப் பக்கம் நம்ம தமிழ்ல இன்னும் எழுதவே இல்ல. நீங்க வந்தீங்கன்னா எழுதிரலாம்."

சாந்தாவிடம் சொன்னேன். "பூஜைக்கு ஊட்ல இல்லாம எங்க போற?" என்று கேட்டாள். அப்புறம் விஷயத்தைக் கேட்டுவிட்டு அவளே பையை எடுத்து வைத்தாள்.

ஒரே மாவட்டம்தான். ஆனால் எங்கள் பக்கத்து நெல் வயலைப் பார்த்தே பழகினவனுக்கு கும்மிடிப்பூண்டி வெளிதேசம்தான். டீக்கடை போர்டு இந்தியில் இருக்கிறது. பக்கத்தில் நிற்கிற பையன் ஒடியாவில் பேசுகிறான், கடைக்காரர் தெலுங்கில் பதில் சொல்கிறார், டீ மட்டும் தமிழ்நாட்டு டீ. எல்லாப் புகைபோக்கியும் ஒரே மாதிரி இருந்ததால் எது கிழக்கு என்றே தெரியவில்லை. சூரியனைத் தேடிக் கும்பிடலாம் என்று நிமிர்ந்தால் அங்கேயும் புகைதான்.

நான் ஏறினது கம்பெனி பஸ் என்று ஏறும்போது எனக்குத் தெரியாது. உள்ளே எல்லோரும் தூங்கிக்கொண்டு வந்தார்கள். டிக்கெட் கேட்க யாரும் வரவில்லை. முன் சீட்டில் இரண்டு வடநாட்டுப் பையன்கள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்து என்னவோ பேசினார்கள். பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். "நெத்தியில பட்டை கீதே, புதுசா பூஜை பண்ண வந்த சாமியாரான்னு கேக்கறான். அதுக்கு இன்னொருத்தன், இல்ல, புது சூப்பர்வைசரு, மூஞ்ச பாத்தாலே பயமா கீதுன்றான்" என்றார். பஸ் நேராக ஒரு கம்பெனி கேட்டுக்குள் போய் நின்றது. செக்யூரிட்டி கார்டு கேட்டார். இல்லை என்றேன். என்ன வேலை என்றார். கம்ப்யூட்டருக்கு விளக்கம் எழுதுபவர்களுக்கு வழிகாட்டி என்றேன்.

"வழிகாட்டியா? நீயே வழி தப்பி வந்துகீற, நைனா" என்று சொல்லி, ஒரு தண்ணி லாரியை நிறுத்தி என்னை ஏற்றிவிட்டார்.

நாங்கள் வேலை செய்ய இடம் கொடுத்தது பாபு. அவரும் நம் தொண்டர்தான். கிரேன் ஓட்டுகிறார். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். ரெண்டும் கலந்து வருகிற நேரமே அதிகம். அவர் வீட்டு மாடி ரூமில் பாய் விரித்து உட்கார்ந்தோம். தேவராஜை அவர் மனைவி எஸ்தர் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். முப்பத்தைந்து வயசு இருக்கும். கறுப்புக் கண்ணாடி, இஸ்திரி போட்ட சட்டை. நான் வணக்கம் சொன்னதும் என் குரல் வந்த பக்கம் திரும்பி, "பொதட்டூர்பேட்டை அண்ணனா? உங்க பக்கத்த எல்லாம் மெஷின் எனக்கு படிச்சிக் காட்டிச்சு. ரொம்ப மரியாதையா எழுதிகீறீங்க. இவ்ளோ 'தயவுசெய்து' எங்க மாமனாரு கூட எனக்குச் சொன்னது இல்ல" என்றார். எஸ்தர் அவர் தொடையில் தட்டினாள்.

மறுநாளே சண்டை ஆரம்பித்தது. கோமதி எழுதினால் கம்பெனியில் மெஷின் மேல் ஒட்டுகிற நோட்டீஸ் மாதிரி இருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று, எச்சரிக்கை. பாபு எழுதினால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும்.

"இத்த பாருங்க அண்ணே" என்று கோமதி பாபு எழுதியதைக் காட்டினாள். "'அப்படியே கொஞ்சம் கீழ எறங்கு, அப்புறம் ஒரு அழுத்து அழுத்து'ன்னு போட்டுகீறாரு. இது கிரேனா?"

"கிரேன்ல நான் எத்தினி டன்னு தூக்கறேன் தெரியுமா? அங்க இந்தப் பேச்சுதான் வேலைக்கு ஆவுது" என்றார் பாபு. "நீ எழுதினதக் கேட்டா அந்த ஆளு தூங்கிப் பூடுவாரு. சாரி தேவா, உன்னச் சொல்லல."

"சொன்னதும் நெசந்தான்" என்றார் தேவராஜ்.

நான் இரண்டு பேரும் எழுதியதைப் படித்தேன். இரண்டுமே சரி போலவும் இருந்தது, இரண்டுமே தப்பு போலவும் இருந்தது. கோமதி பக்கத்தில் "படத்தில் அம்புக்குறி காட்டும் இடத்தை" என்று ஒரு வரி இருந்தது. அதை நானும்தான் படித்தேன், எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. தேவராஜ் கேட்கும்போது மெஷின் "படம்" என்று சொல்லி நிறுத்தியது. அவர் காத்திருந்தார். மெஷின் அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. கோமதி முகம் சுண்டிப்போய் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தவள் தன் பக்கம் முழுவதையும் அழித்துவிட்டு முதலில் இருந்து எழுத உட்கார்ந்தாள்.

அங்கேதான் ஒரு ஏற்பாடு செய்தேன். தேவராஜ் ஒரு பக்கத்தைக் கேட்டு அதன்படி செய்து பார்க்கும்போது எழுதினவர் வாயே திறக்கக் கூடாது. திறந்து ஏதாவது சொன்னால், சொன்ன அந்த வரி பக்கத்தில் விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். உடனே சேர்க்க வேண்டும். பாபுவுக்கு இது உயிர் போகிற வேதனை. வாய்க்குள் துண்டை வைத்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

எல்லாப் பக்கத்துக்கும் ஆரம்பம் ஒன்றுதான். தட்டச்சு படித்தவர்களுக்குத் தெரியும். கீபோர்டில் இரண்டு பட்டனில் மட்டும் சின்னதாக ஒரு மேடு இருக்கும், அரிசி நுனி மாதிரி. இடது ஆள்காட்டி விரல் ஒன்றில், வலது ஆள்காட்டி விரல் மற்றொன்றில். அந்த இரண்டையும் விரல் கண்டுபிடித்துவிட்டால் மற்ற பட்டன் எல்லாம் எங்கே என்று கை தானாகக் கண்டுகொள்ளும். "உங்கள் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் மேடுகளின் மேல் வையுங்கள்" என்று நான்தான் முதல் வரியாக எழுதினேன். தேவராஜ் அதை ஜெபம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே விரலை வைப்பார்.

சாப்பாடு எஸ்தர் வீட்டில் இருந்து வந்தது. காலையில் நாஷ்டாவுக்கு வடநாட்டார் கடையில் பூரி. ஒருநாள் எஸ்தர் பழவேற்காட்டு மீன் வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். எனக்குப் புரட்டாசி விரதம். எப்படிச் சொல்வது என்று முழித்துக்கொண்டிருந்தேன். அவளே இன்னொரு பையில் இருந்து ஒரு தூக்குவாளியை எடுத்தாள். "தெரியும் அண்ணே. உங்களுக்கு ரசமும் உருளைக்கெழங்கும். புது பாத்திரத்துல வச்சேன். இவருக்குக் கூட அந்தக் கரண்டியத் தரல" என்றாள். வேற்று மனிதருக்கு எதற்கு அம்மா இத்தனை சிரமம் என்று கேட்டேன். "நீங்க வேத்து மனுசரா? இவரு தூக்கத்துலகூட உங்க வரியத்தான் சொல்லிக்கினு கீறாரு" என்றாள்.

ஆயுத பூஜை அன்றைக்குள் பக்கங்கள் முடிந்தன. தேவராஜ் அன்று மத்தியானம் யார் உதவியும் இல்லாமல் ஒரு முழுத் தாளில் போல்ட்டு, நட்டு, கிரீஸ் டப்பா எல்லாவற்றையும் கணக்கு ஏற்றினார். பாபு துண்டைத் துப்பிவிட்டு அவரைக் கட்டிப்பிடித்தார்.

அந்த ஊரில் ஆயுத பூஜையைப் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் கடைக்குக் கடை ஒரு தேங்காய். இங்கே லாரிக்கு வாழைக்கன்று, பஸ்ஸுக்கு வாழைக்கன்று, கம்பெனி கேட்டுக்கு இரண்டு ஆள் உயரத்தில் வாழை. ரோடெல்லாம் பூசணிக்காயும் பொரியும். அந்த ஒடியாப் பையன்கள் கூட ஏதோ ஒரு மெஷினுக்கு மாலை போட்டு போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பாபு தன் வீட்டில் ஸ்பானர், ஹெல்மெட், மகளின் பாடப் புத்தகம் எல்லாவற்றையும் அடுக்கி, எங்கள் லேப்டாப்களையும் கேட்டார். தேவராஜிடம் தயங்கித் தயங்கி, "உன்னுதையும் வெக்கட்டுமா தேவா?" என்றார்.

"வெய்யி மாமா. எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார் தேவராஜ்.

எஸ்தர், "எங்க சபையில தெரிஞ்சா பேஜாருதான்" என்று சிரித்தாள். ஆனால் மறுப்புச் சொல்லவில்லை.

பூஜையில் வைத்ததை மறுநாள்தான் எடுக்க வேண்டும். விஜயதசமி காலையில் பாபு கற்பூரம் காட்டி, தேவராஜின் லேப்டாப்பை எடுத்து, மேல்மூடியைத் துடைத்து, பையில் போட்டுக் கொடுத்தார். எஸ்தர் பையின் மேல் கை வைத்துக் கண்ணை மூடி ஜெபம் செய்தாள். நான் முருகனை நினைத்துக்கொண்டேன். நேராகக் கம்பெனிக்குப் போனோம்.

வேலைக்கு எடுக்கிற மேடம் கண்டிப்பானவர். "அரை மணி நேரம். நான் சரக்குப் பேர் சொல்வேன், இவர் ஏத்தணும். கூட வந்தவங்க யாரும் வாயத் தொறக்கக் கூடாது" என்றார். நாங்கள் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

தேவராஜ் லேப்டாப்பைத் திறந்தார். விரலை வைத்தார். அழுத்தினார். மெஷின் சம்பந்தமே இல்லாத ஒரு எழுத்தைச் சொன்னது. அழித்தார். மறுபடி வைத்தார். மறுபடியும் தப்பு. விரல்கள் கீபோர்டு முழுக்க ஓடின, எங்கேயோ நின்றன, மறுபடி ஓடின. மேடம் கடிகாரத்தைப் பார்த்தார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நேற்று மத்தியானம் இதே கை, இதே மெஷின். இன்றைக்கு என்ன ஆயிற்று? நாங்கள் எழுதினதில் எங்கே ஓட்டை? கோமதி என் காதில், "என் பக்கந்தான் அண்ணே. கட்டத்துக்குப் போறது தப்பா எழுதிட்டேன் போல" என்று அழாக் குறையாகச் சொன்னாள். அந்தப் பக்கம் பாபு, "இல்ல, என்னுதுதான். 'கொஞ்சம் கீழ'ன்னு எழுதினேன் பாரு" என்றார். எஸ்தர் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தாள். பூஜைக்கு வைத்தது தப்போ, அவர்கள் சாமிக்கு ஆகாதோ, நம் சாமிக்கு ஆகாதோ என்று என் மனசு என்னென்னவோ ஓடியது. அதை நினைத்ததும் வெட்கமாகவும் இருந்தது.

தேவராஜுக்கு வேர்த்து ஊற்றியது. முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கினவர் அப்படியே நின்றார். விரலை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். முகர்ந்தார். இன்னொரு விரலையும் முகர்ந்தார்.

"பாபு மாமா" என்றார் திரும்பாமலே. "எல்லாப் பட்டனுக்கும் பொட்டு வச்சியா?"

பாபு மேடத்தைப் பார்த்தார். மேடம் தலையசைத்தார். "வச்சேன் ப்பா. சந்தனமும் குங்குமமும். ஒண்ணு வுடாம வச்சேன். உனக்கு நல்லது நடக்கணும்னு வச்சேன்."

அத்தனை பட்டனிலும் சந்தனம் காய்ந்து, அத்தனையும் மேடாகி இருந்தது. கண் தெரிந்த நாங்கள் நாலு பேரும் பூஜையிலேயே அந்தப் பொட்டுகளைப் பார்த்திருந்தோம். அழகாக இருக்கிறது என்றுதான் எங்களுக்குத் தோன்றியிருந்தது.

மேடம் எழுந்து, "இருங்க, எங்க கீபோர்டு ஒண்ணு மாட்டித் தரேன்" என்று பக்கத்து மேஜையில் இருந்து எடுத்து வந்தார். அதிலும் வரிசையாகப் பொட்டு. அதற்கு அடுத்த மேஜையிலும் அப்படியே. மேடம் முதல் தடவையாகச் சிரித்தார். "எங்க ஆபீஸ் பையனும் ஒண்ணு வுடல" என்றார். "சரி, தொடச்சிடுங்க."

யாரும் நகரவில்லை. "பூஜைல வச்ச பொட்ட நாமளே அழிக்கறதா மேடம்..." என்று பாபு இழுத்தார். எனக்கும் கை வரவில்லை. இதைப் படிக்கிறவர்களில் என் மாதிரி ஆட்களுக்கு அது புரியும். ஆனால் எதிரே ஒருத்தர் விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார். அவர் மனைவி எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முருகா என்று சொல்லி எழுந்தேன். ஒவ்வொரு பட்டனாக நகத்தால் சுரண்டி, விழுந்த சந்தனத்தை உள்ளங்கையில் சேர்த்தேன். கீழே ஒரு துளி விடவில்லை. அதை என் நெற்றியில் இட்டுக்கொண்டேன். கோமதி குனிந்தாள், அவளுக்கும் இட்டேன். பாபுவுக்கும் இட்டேன். அழித்ததாக எனக்குத் தோன்றவில்லை, இடம் மாறினதாகத்தான் தோன்றியது.

அந்த இரண்டு பட்டன்களுக்கு வந்தபோது தேவராஜ் என் கையைப் பிடித்தார். "இது ரெண்டும் இருக்கட்டும் அண்ணே. எப்பவும் இருக்கறத விட நல்லா தெரியுது."

மேடம் நேரத்தை முதலில் இருந்து ஆரம்பித்தார். தேவராஜ் முதல் வரியை முணுமுணுத்தார். விரல் இரண்டும் இரண்டு பொட்டின் மேல் போய் உட்கார்ந்தன. மேடம் ஒவ்வொரு சரக்காகச் சொன்னார், அவர் ஏற்றினார். நடுவில் ஒரு கட்டம் தவறி மேலே போய்விட்டார். பாபு பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மெஷின் கட்டத்தின் பெயரைச் சொன்னதைக் கேட்டு தேவராஜே திரும்பி வந்துவிட்டார். முடித்ததும் மேடம் தாளைச் சரிபார்த்தார். "வர்ற திங்கக்கெழமை ஸ்டோருக்கு வாங்க" என்றார். எஸ்தர் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கீழே கேன்டீனில் பொரியும் கடலையும் கொடுத்தார்கள். தேவராஜ் பொரியை வாயில் போட்டுக்கொண்டே, "பொட்டு வச்சவரு மாமாதானே, அதுக்கு அபராதமா இந்தப் பொரிய எனக்கு ஊட்டி வுடணும்" என்றார். பாபு நிஜமாகவே ஊட்டிவிட்டார்.

ஊர் திரும்பினதும் விளக்கத்தின் முதல் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன்: "பட்டன்களில் சந்தனம் குங்குமம் வைத்திருந்தால், தொடங்குமுன் மரியாதையாக எடுத்துவிடுங்கள். மேடுள்ள இரண்டில் மட்டும் இருக்கலாம்." வேறு தேசத்துத் தொண்டர் ஒருவர் இந்த வரி எதற்கு என்று எழுதிக் கேட்டார். இரண்டு தடவை விளக்கினேன். அவருக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. வரி மட்டும் இன்னும் இருக்கிறது.

இப்போது நான் எதற்கு இதை எழுதினேன் என்றால், இந்தக் கதை எங்கள் பக்கம் பலவிதமாக உலாவுகிறது. கிறிஸ்தவ வேதக்காரர் மெஷினைப் பூஜையில் வைத்ததால் சாமி குத்தம் ஆகிவிட்டது என்று ஒருவர் என் கடையிலேயே நின்று சொன்னார். சந்தனம் பட்டதும் அந்த ஆளுக்குக் கொஞ்சம் பார்வை தெரிந்ததாம் என்று இன்னொரு அம்மா சொல்லிக் கும்பிட்டாள். எஸ்தர் போகிற சபையிலும் வேறு மாதிரி சாட்சி சொல்கிறார்களாம். எனக்குச் சாமி மேல் பக்தி குறைவில்லை. ஆனால் தேவராஜுக்குப் பார்வை வரவில்லை, வேலைதான் வந்தது. அவர் தினமும் பஸ் ஏறி ஸ்டோருக்குப் போய் வருகிறார். யாரும் கோபித்துக்கொள்ளவும் இல்லை. அன்பாகப் பொட்டு வைத்தோம், அது அவர் விரலுக்கு மேட்டை மறைத்தது, எடுத்துவிட்டோம். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், அச்சடித்துக் கொடுங்கள், போனில் அனுப்புங்கள், எனக்குச் சந்தோஷம். ஆனால் ஒரு வரி கூட்டாமலும் ஒரு வரி குறைக்காமலும் கொடுங்கள். தேவராஜுக்கும் யாராவது இதைப் படித்துக் காட்டுவார்கள். அவர் கேட்கும்போது நடந்தது நடந்த மாதிரியே இருக்க வேண்டும்.